பாடம் மூன்றும் பாடம் ஐந்தும் ஒரே காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருநை என்னும் தாமிரபரணிக் கரை அகழாய்வு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘எத்தனை ஆண்டு பழசு’ என்ற எண்தான் தலைப்பாகிறது. அதே காலத்தில் எகிப்திலும் சீனத்திலும் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். குற்றம் அவர்கள்மீது இல்லை. சமூக அறிவியல் பாடநூலில் மூன்றாவது பாடம் தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம். ஐந்தாவது பாடம் செவ்வியல் உலகம், அதாவது கிரேக்கமும் ரோமும். இரண்டும் பெரும்பகுதி ஒரே காலம். ஆனால் ஜூலையில் ஒன்று, பிறகு ஒன்று என்று நடத்துவதால், சங்ககாலப் பாண்டியர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரோமானியர் வந்தார்கள் என்று பதிந்துவிடுகிறது. ஆறாவது பாடமான இடைக்காலத்துக்கும் ஏழாவது பாடமான இடைக்கால இந்தியாவுக்கும் இதே கோளாறு.

பாடநூலை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. வகுப்பறைச் சுவரில் ஒரு காலக்கோடு இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். செலவு நான்கு சார்ட் அட்டைதான்.

அட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் 28 செ.மீ. உயரத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒட்டுகிற இடத்துக்கு 2 செ.மீ. விட்டாலும் மொத்தம் ஐந்தரை மீட்டர் வரும். ஓர் ஆண்டுக்கு 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கி.மு. 3500 முதல் கி.பி. 1500 வரை சரியாக 5 மீட்டர். இடப்பக்கத்திலிருந்து 350 செ.மீ. தள்ளி ஒரு சிவப்புக் கோடு போடவேண்டும். அதற்கு இடப்பக்கம் கி.மு., வலப்பக்கம் கி.பி. குறுக்கே 7 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள்: மேலே எகிப்தும் ஐரோப்பாவும், அடுத்து மேற்காசியா, அதன் கீழே சீனம், அடியில் நம் நாடு. நம் நாட்டைக் கீழே வைப்பது பிள்ளைகளின் கண்மட்டத்துக்காக. வேறு காரணம் தேடவேண்டாம்!

சிவப்புக் கோட்டில் சுழியம் எழுதக் கூடாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் 0 என்றோர் ஆண்டே இல்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆண்டது கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை. 27ஐயும் 14ஐயும் கூட்டி 41 என்று எழுதுவார்கள், விடை 40. கோட்டைத் தாண்டும் கணக்குக்கு எல்லாம் ஒன்றைக் கழிக்கவேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்பது 300இல் தொடங்கி 201இல் முடிவது. அசோகர் ஆட்சி 268–232 என்று பார்த்தவுடன் அச்சுப்பிழை என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. சுவரில் விரல் வைத்துக் காட்டினால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். ஒரு நூலில் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்றும் இன்னொன்றில் கி.மு. என்றும் இருப்பது ஒன்றேதான் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளையடித்த சுவரில் டேப் நிற்காது, சுண்ணாம்போடு உரிந்து வரும். மைதாப் பசையைக் கரப்பான் விடாது. இரண்டு ஆணிக்கு நடுவே சணல் கட்டி, துணி கிளிப்பில் தொங்கவிடுவதே நல்லது. சுவர் நீளம் போதாவிட்டால் மூலையில் திருப்பிக்கொள்ளலாம். சிவப்புக் கோடு மட்டும் மூலையில் விழாதபடி பார்க்கவேண்டும். பலரும் செய்கிற தவறு, இடமில்லை என்று கி.மு. பக்கத்தை மட்டும் சுருக்கி வரைவது. அப்படிச் செய்தால் காலக்கோடே பொய். எகிப்து எவ்வளவு நீண்ட காலம் இருந்தது என்பது அந்த நீளத்தில்தான் தெரியும். எல்லா அரசர் பெயரையும் ஒட்டுவதும் வேண்டாம். இருபத்தைந்து அட்டைக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள்.

எதை ஒட்டுவது? பொருநைக்கரையின் சிவகளையில், ஈமத் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கரிமப் பகுப்பாய்வில் வந்த காலம் கி.மு. 1155. கோட்டிலிருந்து 115.5 செ.மீ. இடப்பக்கம். அந்த இடத்திலேயே மேல் பட்டையில் எகிப்தின் மூன்றாம் ராம்சேஸ் ஆட்சி முடிகிறது, மூன்றாவது பட்டையில் சீனத்தின் ஷாங் அரச மரபு குறி கேட்டு எலும்பில் எழுதிக்கொண்டிருக்கிறது. கரிமக் காலம் ஒரு புள்ளி அல்ல, ஒரு வீச்சு என்பதால் அதைப் பேனாவால் குத்தாமல் பென்சிலால் தீற்றவேண்டும். 2025இல் அரசு வெளியிட்ட சிவகளை இரும்பின் கி.மு. 3345உம் இந்தக் கோட்டுக்குள் அடங்கும். ஆய்வாளர்களிடையே பேச்சு முடியாததால் புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள் எழுதுவது முறை. உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்து எழுதப் பழகுவதும் வரலாற்றுப் பாடம்தானே.

சிவப்புக் கோட்டை ஒட்டிய இடம்தான் நமக்குச் செழிப்பானது. பாண்டிய மன்னன் அகஸ்டசுக்குத் தூது அனுப்பியதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், பாண்டியரின் துறைமுகமான கொற்கையைக் ‘கொல்கோய்’ என்கிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். கி.பி. 408இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமைச் சூழ்ந்துகொண்டு கேட்ட பணயத்தில் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். கணக்கிட்டால் ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. ‘ரோமின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் தருக’ என்று ஐந்து வரி மனப்பாடம் செய்வதைவிட, அந்த மிளகு எந்த மலையில் விளைந்தது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இடைக்காலத்துக்கு மூன்றே அட்டை போதும். 1258இல் பாக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது. 1281இல் சீனத்துக் குவான்சோ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டது. 1292ஐ ஒட்டி அதே துறைமுகத்தில் கப்பலேறிய மார்கோ போலோ, கொற்கைக்குப் பிந்திய துறையான காயலுக்கு வந்தார். மூன்றும் சுவரில் மூன்றரை சென்டிமீட்டருக்குள். அப்போது இங்கே மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. ஹார்முஸ், ஏடன் பக்கமிருந்து காயலில் வந்திறங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. லாடம் அடிக்கத் தெரிந்தவரோ சரியான பராமரிப்போ இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். வாஸ்கோ ட காமா வந்த 1498க்குப் பிறகுதான் நம் கடலில் வெளிநாட்டுக் கப்பல் வந்தது என்று நினைக்கும் பிள்ளைக்கு இது ஒன்றே போதும்.

சுற்றுலா போகிற பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆதிச்சநல்லூர், ஏரல் வழியாகக் கொற்கை, பழைய காயல், காயல்பட்டினம் என்று ஆற்றோடு இறங்குவதே சரியான வரிசை. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம். முதலில் திருச்செந்தூர் போய்விட்டால் தரிசன வரிசையிலேயே பொழுது போய்விடும், கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கொற்கையில் பார்க்க ஒன்றுமில்லை என்று பத்து நிமிடத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கே பார்க்கவேண்டியது இல்லாமல்போன கடலைத்தான். துறைமுகம் இருந்த ஊர் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. அதனால் துறை கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்தது. பைபிளில் வரும் எபேசு பட்டணத்துக்கும் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவுக்கும் நேர்ந்தது இதுவே. மெசொப்பொத்தாமியாவின் ‘ஊர்’ (Ur) என்ற நகரமும் இன்று கடலை விட்டு வெகுதூரத்தில் மணலுக்குள் நிற்கிறது. கொற்கை வயலில் நின்று கடல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு பழைய காயலுக்கு வண்டியில் போகும்போது கிலோமீட்டரை எண்ணச் சொல்லவேண்டும். கொற்கையை அடுத்த அக்காசாலையின் பெயருக்கு நாணயம் அச்சடிக்கும் இடம் என்று பொருள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடலாம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு நாள், ‘அதே ஆண்டில்’ என்று நான்கு பட்டைக்கு நான்கு வரி வெளியிட்டால், வெட்டி அப்படியே சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். 7 செ.மீ. உயரத்துக்குள் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.