ஜோம்தியனில் ஆறு வாரமாக வீட்டுக்குள் இருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டு முடித்து நாம் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ மெதுவாக ஒன்று சொன்னாய். "அவர் சாயங்காலம் வந்தால்தான்க்கா நான் கீழேயே இறங்குவேன்." ஆறு வாரம் ஆகிவிட்டது என்றும் சொன்னாய். அதற்குள் யாரோ காபி கேட்டுவிட்டார்கள், பேச்சு மாறிவிட்டது. எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. உனக்குத் தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் இங்கே தாய்லாந்தில் ரயோங், சிராச்சா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களோடு உன்னைப் போலவே எத்தனையோ பெண்கள் இந்த ஊருக்கு வந்து காண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பட்டாயா என்று சொன்னாலே சொந்தக்காரர்கள் முகம் மாறுகிறது, வீடு அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஜோம்தியனில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்றாய். எனக்கும் அது வலித்திருக்கிறது. 1960களில், வியட்நாம் போர் நடந்தபோது, அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து மாற்றிய மீனவ ஊர் இது, குடியும் இரவுக் கூத்தும் என்கிற அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் காலை ஏழு மணிக்கு நீ வெளியே வந்தால் பார்ப்பது வேறு ஊர். சீருடை போட்ட பிள்ளைகளைப் பைக்கில் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு போகும் அம்மாக்கள், பிட்சைப் பாத்திரத்தோடு வெறுங்காலில் நடக்கும் பிக்குகள், அவர்களுக்குச் சோறு போட மண்டியிட்டுக் காத்திருக்கும் பாட்டிகள், வடக்கே நாக்லுவாவில் மீனும் நண்டும் குவிந்து கிடக்கும் சந்தை. அந்த ஊருக்குள் நடக்க நீ யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். நீ பயப்படுவது சோங்தேவைப் பார்த்துத்தான், இல்லையா? பின்னால் கூண்டு கட்டி இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட அந்த நீல நிற பிக்அப் வண்டி. பெயரின் அர்த்தமே 'இரண்டு வரிசை' என்பதுதான். கண்டக்டர் இல்லை, டிக்கெட் இல்லை, எங்கே நிற்கும் என்று ஒரு பலகையும் இல்லை, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நீ திகைத்துப் போனதில் தப்பே கிடையாது. ஆனால் இங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்பதுதான் விஷயமே. வண்டி வரும்போது கையைக் காட்டு, நிற்கும். பேசாமல் பின்னால் ஏறி உட்கார். இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கூரையில் இருக்கும் பட்டனை அழுத்து, மணி அடிக்கும், ஓரமாக நிறுத்துவார். இறங்கி முன்பக்கம் போய் இடது பக்க ஜன்னல் வழியாகக் காசைக் கொடுத்துவிட்டு நட. அவ்வளவுதான்.

ஏறுவதற்கு முன்னால் மட்டும் "அங்கே போக எவ்வளவு?" என்று கேட்டுவிடாதே. நம் ஊர் ஆட்டோ பழக்கத்தில் நமக்கு முதலில் வாயில் வருவது அதுதான். இங்கே அப்படிக் கேட்டால் வண்டியை முழுசாக வாடகைக்குக் கேட்கிறாய் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் வந்த புதிதில் அப்படிக் கேட்டு, பத்து பாத் (இந்த ஊர்க் காசு) தூரத்துக்கு இருநூறு பாத் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். காசுக்காக இல்லை, ஏமாந்துவிட்டோம் என்கிற எண்ணம்தான் தாங்கவில்லை, அதற்கப்புறம் இரண்டு மாதம் நானும் வெளியே போகவில்லை. உனக்கு அந்த இரண்டு மாதம் போகக் கூடாது. கட்டணம் அவ்வப்போது மாறும், அதனால் உனக்கு முன்னால் இறங்குகிற தாய்லாந்துக்காரர் என்ன கொடுக்கிறார் என்று பார்த்து அதையே கொடு. சில்லறை முக்கியம். ஏடிஎம்மில் பெரும்பாலும் ஆயிரம் பாத் தாளாகத்தான் வரும், அதைச் செவன் இலவன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிக்கொள். நடுவில் பொன் நிறமும் சுற்றிலும் வெள்ளி நிறமும் இருப்பது பத்து பாத் நாணயம், பச்சைத் தாள் இருபது பாத். இந்த இரண்டும் எப்போதும் கைப்பையின் வெளிப்பக்கப் பையில் இருக்கட்டும்.

முதல் வாரம் ஜோம்தியன் பீச் ரோட்டைத் தாண்டாதே. அது ஒரே நேர்க்கோடு, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கட்டடம், தொலைந்து போக இடமே இல்லை. நம் ஊர் மாதிரியே இங்கேயும் வண்டிகள் இடது பக்கம்தான் போகும். அதனால் கடல் பக்கம் நின்று ஏறினால் வண்டி வடக்கே, பட்டாயா பக்கம் போகும். கட்டடங்கள் பக்கம் நின்று ஏறினால் உன் வீட்டுப் பக்கம் திரும்பி வரும். இது ஒன்று நினைவிருந்தால் போதும், மேப் கூடத் தேவையில்லை. நாலைந்து சோய் (குறுக்குத் தெரு) தள்ளி இறங்கு, ஓர் இளநீர் குடி, எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பி வா. உன் சோய்க்கு அடையாளமாகச் செவன் இலவனை மட்டும் வைத்துக்கொள்ளாதே, முக்குக்கு முக்கு அதுதான் இருக்கிறது. மருந்துக்கடையோ, பெரிய மரமோ, நிறம் பூசிய கேட்டோ பார்த்து வைத்துக்கொள்.

இரண்டாவது வாரம் பட்டாயா. கடல் பக்கம் ஏறினால் வண்டி தப்ரயா ரோட்டில் பிரத்தம்னக் குன்று ஏறி இறங்கி, செகண்ட் ரோட்டுப் பக்கம் கொண்டு வந்து விடும். இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். செகண்ட் ரோடு ஒருவழி, தெற்கிலிருந்து வடக்கே. பட்டாயா பீச் ரோடும் ஒருவழி, வடக்கிலிருந்து தெற்கே. வடக்கு முனையில் டால்ஃபின் ரவுண்டானா, தெற்கு முனையில் வாக்கிங் ஸ்ட்ரீட் வாசல். அதாவது ஊரே ஒரு வட்டம். தவறி ஓர் இடம் தாண்டிவிட்டால் உட்கார்ந்தே இரு, அல்லது இறங்கி அடுத்த வண்டியில் ஏறு, சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடலாம். சில வண்டிகள் ரவுண்டானா வரை போகாமல் நடுவிலேயே வேறு ரோட்டில் திரும்பும், அப்போது பட்டனை அழுத்தி இறங்கிக்கொள். வீட்டுக்குத் திரும்ப, தெற்குப் பட்டாயா ரோடும் செகண்ட் ரோடும் சந்திக்கும் முனைக்கு வா, ஜோம்தியன் வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். ஆள் சேரும் வரை கிளம்ப மாட்டார்கள், அதனால் பத்து நிமிஷம் உட்கார வைத்தாலும் பதறாதே.

ஒரு தடவை நான் மணி அடிக்க மறந்து நாக்லுவா வரை போய்விட்டேன். இருட்டிவிட்டது, வண்டியில் வேறு யாரும் இல்லை, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. டிரைவர் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து பார்த்தார், ஏதோ கேட்டார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, "ஜோம்தியன்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு என்னை ரவுண்டானா வரை கொண்டு வந்து, அங்கே வந்த இன்னொரு வண்டியை அவரே கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. இருநூறு பாத் வாங்கியவரும் இந்த ஊர்தான், இவரும் இந்த ஊர்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பார்த்தது இவரைப் போன்றவர்களைத்தான், அதை உனக்குச் சத்தியமாகச் சொல்வேன்.

ரோடு கடப்பதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். நம் ஊரில் நாம் பாதி காதால்தான் ரோடு கடக்கிறோம், ஹாரன் கேட்டால் நிற்போம், கேட்காவிட்டால் நடப்போம். இங்கே ஹாரன் அடிக்க மாட்டார்கள். அமைதியாக இருக்கிறதே என்று காலை வைத்தால் பக்கத்தில் பைக் வந்து நிற்கும். வரிக்கோடு போட்ட இடத்திலும் வண்டி நிற்கும் என்று நம்பாதே. 2022 ஜனவரியில் பாங்காக்கில் வரிக்கோட்டில் நடந்துபோன இளம் கண் மருத்துவர் ஒருவரைப் பைக்கில் வந்த போலீஸ்காரர் மோதி, அந்தப் பெண் இறந்துபோனார். நாடே கொதித்தது, அப்படியும் பழக்கம் முழுசாக மாறவில்லை. பட்டன் அழுத்தும் சிக்னல் இருந்தால் அங்கே கட, இல்லையென்றால் கடக்கக் காத்திருக்கும் உள்ளூர்க்காரர் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து போ. ஒருவழி ரோட்டிலும் இரண்டு பக்கமும் பார், எதிர்த்திசையில் பைக் வரும்.

பைக் டாக்சியும் சோய்க்குள் போக வசதிதான், ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் மட்டும் ஏறுவதற்கு முன்பே விலை கேட்க வேண்டும், "தாவ் ராய் கா" என்றால் எவ்வளவு என்று அர்த்தம். விலை பேசக் கூச்சமாக இருந்தால் கிராப், போல்ட் என்கிற வாடகை வண்டி ஆப் இரண்டையும் போனில் போட்டுக்கொள், தொகை முன்பே தெரிந்துவிடும். நீ சுடிதார் போடுகிறவள், துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார். சக்கரத்தில் துணி சிக்கி என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போடு, கொடுக்கவில்லை என்றால் ஏறாதே. பின்னால் உட்கார்கிறவருக்கும் அது கட்டாயம், இல்லாவிட்டால் 2,000 பாத் வரை அபராதம் போடலாம். தம்பி, உன் வீட்டுக்காரர்தான், ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே பைக்குக்குத் தனி லைசென்ஸ். அது இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும், ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து உடைந்துபோன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து புரியவில்லை, எல்லாம் சுழி சுழியாக இருக்கிறது என்றாய். உனக்கு ஒரு நல்ல சேதி. தாய் எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது, காஞ்சிபுரத்திலிருந்து ஆண்ட அதே பல்லவர்கள்தான். நாம் 'கே' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டுப் பிறகு எழுத்தை எழுதுவது போலவே அவர்களும் எழுதுவார்கள், இங்கிலீஷ்காரர்கள் இதைப் பழகத் திணறுவார்கள், நமக்கு அது கை வந்த பழக்கம். மஞ்சள் துணியில் சிவப்பாக, எண் 17 மாதிரி ஒன்று எழுதியிருப்பதைத் தள்ளுவண்டிகளில் பார்ப்பாய். அது 17 இல்லை, 'ஜே'. அந்த ஒன்று போல இருப்பது கொம்பு, ஏழு போல இருப்பது ஜகரம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராத சாப்பாடு என்று அர்த்தம், நீ தைரியமாகச் சாப்பிடலாம். ஜோம்தியன் என்ற பெயரிலும் அதே கொம்பு வருகிறது, அடுத்த தடவை பலகையில் தேடிப் பார்.

பேச்சுக்கு நாலு வார்த்தை போதும். "லியாவ் சாய்" இடது, "லியாவ் க்வா" வலது, "த்ரோங் பாய்" நேரே, "ஜோத் தீ நீ" இங்கே நிறுத்துங்கள். கடைசியில் "கா" சேர்த்துக்கொள், மரியாதை. காண்டோ ரிசப்ஷனில் கேட்டு முகவரியைத் தாய் எழுத்தில் எழுதி வாங்கிப் படம் எடுத்து போனில் வை. அதோடு 1155 என்ற எண்ணையும் சேமித்துவை, டூரிஸ்ட் போலீஸ், இங்கிலீஷில் பேசுவார்கள். ஆம்புலன்சுக்கு 1669. தெரு நாய் உறுமினால் ஓடாமல் மெதுவாக எதிர்ப்பக்கம் மாறிக்கொள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் பெரிய மழை பெய்தால் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அன்றைக்கு வீட்டிலேயே இரு.

இதெல்லாம் பழகியபின் வடக்குப் பட்டாயா பஸ் ஸ்டாண்டில் பாங்காக் பஸ் ஏறி எக்காமாயில் இறங்கலாம், பக்கத்திலேயே மேம்பால ரயில், சியாம் நிலையத்தில் மாறிச் சூரசக்கில் இறங்கி நடந்தால் சிலோம் மாரியம்மன் கோவில். நூறு வருஷத்துக்கும் முன்னால் நம் ஆட்கள் இங்கே வந்து கட்டிய கோவில். அம்மனைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை சொன்னாய், நவராத்திரிக்குள் நீயே தனியாகப் போய் வர முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் வருகிற செவ்வாய்க்கிழமை. இமிக்ரேஷன் ஆபீஸ் இருக்கும் ஐந்தாம் சோய் உனக்குத் தெரியும், தம்பியோடு விசாவுக்கு வந்திருக்கிறாய். காலை ஒன்பது மணிக்கு அந்த சோய்க்கு எதிரே கடற்கரையில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட வர மாட்டேன், நீயே வா. கடல் பக்கம் நின்று ஏறு. உனக்குப் பிடித்த எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன், நீ சில்லறை மட்டும் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா