தில்லியில் எங்களுக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து வட இந்தியச் சுற்றுலா நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் தொழிலின் பாடு தெரியாமல் இந்த மடலை எழுதவில்லை. நாற்பது பேரைச் சென்னையில் ரயிலேற்றி, இரண்டு இரவுகள் கழித்துத் தில்லியில் இறக்கி, வேளாவேளைக்குத் தயிர்சாதமும் காப்பியும் கிடைக்கச் செய்து, ஒருவரையும் தொலைக்காமல் ஊருக்குத் திரும்ப அழைத்து வருவது எத்தனை பெரிய வேலை என்பதை உடன் வந்து பார்த்தவன் நான். ஆயினும், தில்லிக்கென்று நீங்கள் ஒதுக்கும் அந்த ஒரே நாளைச் செலவிடும் விதம்பற்றிச் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் சென்றது ஒரு மே மாதத்தில். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பயணத்திட்டத்தைப் பார்த்தால் உங்களில் பலர் உங்களுடையதாகவே நினைக்கக்கூடும். காலை ஒன்பதரைக்குப் புறப்பாடு. செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், பேருந்தில் இருந்தபடியே நாடாளுமன்றம், தாமரைக் கோயில், குதுப் மினார், "நேரம் இருந்தால்" ஹுமாயூன் கல்லறை. அன்று திங்கட்கிழமை. செங்கோட்டைக்கும் தாமரைக் கோயிலுக்கும் திங்கள்தான் விடுமுறை என்பது அங்கே போய் நின்ற பிறகே எங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்தது. மிச்சமான நேரத்தை ஒரு கைவினைப்பொருள் கடை எடுத்துக்கொண்டது; அங்கே மட்டும் எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஹுமாயூன் கல்லறையின் வாசலில் பேருந்து நின்றபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. "இருபத்தைந்து நிமிடம்" என்று சொல்லி விசில் ஊதினார்கள். பாதிப்பேர் வெயிலுக்கு அஞ்சிப் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை.

அதே இடத்துக்கு அடுத்த பிப்ரவரியில் நான் தனியாகப் போனேன். சூரிய உதயத்திலேயே கதவைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்தில் தனி மதிலுக்குள் எண்கோண வடிவில் ஒரு கல்லறை இருக்கிறது. அது 1547இல் கட்டப்பட்ட ஈசா கானின் கல்லறை. ஹுமாயூனை நாட்டைவிட்டே ஓடவைத்த ஷேர்ஷா சூரியின் அவையில் இருந்த பிரபு அவர். பகைவரின் ஆள் முன்னதாகவே வந்து படுத்துக்கொண்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் பாதுஷாவுக்கும் இடம் கிடைத்தது. இந்த வேடிக்கையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மேற்கு வாயிலின் வளைவுக்குள் நின்றால் செம்மணற்கல் மேடையும் அதன்மேல் வெண்பளிங்குக் குவிமாடமும் சட்டம் போட்டதுபோல் தெரியும். கணவர் இறந்த பின் பேகா பேகம் கட்டச் செய்தது இது. கட்டடக்கலைஞர் மீரக் மிர்ஸா கியாஸ். தாஜ்மகாலின் வேலை தொடங்குவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்பே, 1572 வாக்கில், இது முடிந்துவிட்டது. இதைப் பார்த்துவிட்டு ஆக்ரா போகிறவருக்குத் தாஜ் வேறு மாதிரி தெரியும் என்பது என் அனுபவம்.

ஆனால் இந்த மடலை எழுதவைத்தது கட்டடம் அல்ல, அதைச் சுற்றியுள்ள தோட்டம். கல்லறையை நடுவில் வைத்து, நான்கு பெரும்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடைபாதைகளாலும் வாய்க்கால்களாலும் மேலும் சதுரங்களாக்கிய பாரசீக முறைத் தோட்டம் அது; "சார்பாக்" என்பார்கள். ஏறத்தாழ 30 ஏக்கர். 1857இல் கடைசிப் பாதுஷா பகதூர்ஷா ஜாஃபர் வந்து ஒளிந்து பிடிபட்டதும், 1947இல் பிரிவினை அகதிகள் தங்கியதும் இங்கேதான். இடையில் பாழ்பட்டுக் கிடந்த தோட்டத்தையும் வாய்க்கால்களையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து சீரமைத்து, 2003இல் மீண்டும் தண்ணீர் ஓடவைத்தன.

அன்று காலை ஒரு தோட்டக்காரர் வாய்க்காலில் சேர்ந்த சருகுகளைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் விட்டுவிட்ட ஒற்றை வேப்பிலையைப் பின்தொடர்ந்து நானும் நடந்தேன். இலை நகர்கிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. ஆனால் எங்கும் தேங்காமல், எங்கும் விரையாமல் அது போய்க்கொண்டே இருந்தது. நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் சரிவு. சீரமைத்தபோது அந்த மட்டத்தில் கல் பதிக்க எத்தனை முறை பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள் என்று எண்ணியபோது, மே மாதப் பயணத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த திருவாரூர்ப் பக்கத்து விவசாயி நினைவுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் வயலுக்கு மடை திறந்தவர். வாய்க்கால் மட்டத்தின் அருமையை அவருக்கு எந்த வழிகாட்டியும் சொல்லவேண்டியதில்லை. அன்று அவர் பேருந்தின் சன்னல் வழியாகத்தான் இதைப் பார்த்தார்.

"கல்லறைகளைப் பார்க்க நம் ஜனங்களுக்கு விருப்பமில்லை" என்று உங்களில் ஒருவர் முன்பு என்னிடம் சொன்னார். தாஜ்மகாலும் கல்லறைதானே? அங்கே அதிகாலையில் எழுப்பி வரிசையில் நிறுத்துகிறீர்கள், எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் நிற்கிறார்கள். பழைய கட்டடத்தை நிதானமாகச் சுற்றி வருவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. பெரிய கோயில் பிராகாரத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறவர்கள் நாம். நம்மவர்களுக்கு விருப்பமில்லாதது பிற்பகல் இரண்டு மணி வெயில்.

லோதி தோட்டம் உங்கள் பட்டியலிலேயே இல்லை. சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, நுழைவுக்கட்டணமும் கிடையாது. சையது மரபின் முகம்மது ஷாவின் கல்லறை 1444ஆம் ஆண்டுக்குரியது. சிக்கந்தர் லோதியின் கல்லறை 1517. முகலாயர் வருவதற்கு முந்தைய தில்லி எப்படி இருந்தது என்பதைப் புல்வெளியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அங்கே இருந்த கைர்பூர் என்ற கிராமத்தை அப்புறப்படுத்திவிட்டு, 1936இல் வைஸ்ராயின் மனைவி பெயரில் பூங்கா ஆக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின்புதான் இப்போதைய பெயர். அங்கே உள்ள ஷீஷ் கும்பத்தின், அதாவது கண்ணாடிக் குவிமாடத்தின், முகப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீல ஓடுகளை நிமிர்ந்து தேடிப் பாருங்கள். ஒரு காலத்தில் கட்டடம் கண்ணாடிபோல் மின்னியதால்தான் அந்தப் பெயராம். தோட்டத்தின் ஓரத்தில் அக்பர் காலத்துப் பாலம் ஒன்று உண்டு. வளைவுகளை எண்ணினால் ஏழுதான் வரும், பெயரோ அட்புலா. அந்தப் பெயரில் உள்ள எட்டு என்பது தூண்களின் கணக்கு. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், சண்டையே நடக்கும்.

எனவே என் வேண்டுகோள் இது. பள்ளி விடுமுறையை உத்தேசித்துத்தான் மே மாதத்தில் அழைத்துச் செல்கிறீர்கள் என்பது புரிகிறது. மாதத்தை மாற்ற முடியாவிட்டால் மணியை மாற்றுங்கள். விடியும்போதே ஹுமாயூன் கல்லறையில் இருங்கள், முழுதாக இரண்டு மணி நேரம் கொடுங்கள். அதையொட்டியே, 2018இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரி என்ற பூங்கா இருக்கிறது. தனிச்சீட்டு வாங்கவேண்டும், ஆனால் நிழலும் இருக்கையும் உண்டு, பெரியவர்களை அங்கே உட்கார வைக்கலாம். பகல் முழுவதும் விடுதியில் ஓய்வு. மாலையில் லோதி தோட்டம். குதுப் மினாரை மறுநாள் காலைக்கு வையுங்கள். 1981இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பின் கோபுரத்தில் ஏறும் வழியை அடைத்துவிட்டார்கள், துருவேறாத இரும்புத் தூணைச் சுற்றியும் வேலி போட்டாயிற்று, ஆகவே ஒரு மணி நேரத்தில் நன்றாகவே பார்த்துவிடலாம். ஓய்வுபெற்றவர்களை மட்டும் அழைத்துச் செல்லும் குழுக்களுக்குப் பள்ளி விடுமுறையைப் பற்றிய கவலையே இல்லை. அவர்களைப் பிப்ரவரியில் கூட்டிச் சென்றால், குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டமான அம்ருத் உத்யான் பூத்து நிற்கும் பருவத்தைப் பிடிக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பேருந்தில் இருந்தபடியே காட்டும் இடங்களை விட்டுவிடுங்கள். அந்தக் கடையையும் விட்டுவிடுங்கள். அதில் உங்களுக்கு வரும் தரகை வேண்டுமானால் கட்டணத்திலேயே வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் மறுக்கமாட்டோம். ரயிலில் இருக்கும் இரண்டு இரவுகளில் எல்லோரும் சும்மாதான் இருக்கிறோம். பார்க்கப் போகும் இடங்களைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் அச்சிட்டு ஏறும்போதே கொடுத்தால், தில்லியில் விசில் ஊதிக் கத்தி விளக்கவேண்டிய வேலை பாதியாகக் குறையும்.

மே மாதப் பயணத்தில் திரும்பும் ரயிலில், உள்ளே பார்த்த வாய்க்காலைப் பற்றி நான் சொன்னபோது அந்த விவசாயி, "அவ்வளவு நீள வாய்க்காலுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பழைய கிணறுகளைத் தூர்வாரி, மழைநீர் நிலத்துக்குள் இறங்கக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிப்ரவரியில் தெரிந்துகொண்டு தொலைபேசியில் சொன்னேன். கிணறு எத்தனை முழ ஆழம் என்று அடுத்த கேள்வி கேட்டார். வரும் மே மாதம் பேரனுடன் மறுபடியும் தில்லி போக இருக்கிறாராம், உங்களில் யாரோ ஒருவரிடம் முன்பணமும் கட்டிவிட்டார்.

இப்படிக்கு,
உங்களுடன் ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் தில்லி பார்த்த பயணி