டியூபைக் கீழே வைத்த நர்ஸுக்கு

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கடற்படையில் 18 வருடம் வேலை பார்த்தவர், லெப்டினன்ட், 2014-இல் கியூபாவில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தின் குவாண்டனாமோ சிறையில், சாப்பிட மறுத்த கைதிகளுக்கு வலுக்கட்டாயமாக ஊட்ட இனி மூக்கு வழியாக டியூப் போட மாட்டேன் என்று சொன்னவர். செய்தியில் வந்தது அவ்வளவுதான். அதுவும் நீங்கள் சொல்லி வரவில்லை. உண்ணாவிரதம் இருந்த அபு வாயில் தியாப் என்ற சிரியக் கைதி தன் வக்கீலிடம் போனில் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

நானும் நர்ஸ்தான். மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கும் ரைல்ஸ் டியூப் எத்தனை போட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. மூக்கு நுனியிலிருந்து காது, அங்கிருந்து நெஞ்செலும்பு முனை என்று அளந்துகொண்டு, ஜெல்லி தடவி, "முழுங்குங்க ஐயா, முழுங்குங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் உள்ளே விடுவோம். அவர் விழுங்க விழுங்க டியூப் இறங்கும். பாதி வேலை நோயாளியுடையது. உங்கள் இடத்தில் அந்தப் பாதி வேலையை நாற்காலி செய்தது. கை, கால், தலை எல்லாம் பட்டையால் கட்டி, நாளுக்கு இரண்டு தடவை. 2013-இல் அங்கிருந்த 166 பேரில் நூறு பேருக்கு மேல் சாப்பிட மறுத்தார்கள். ரம்ஜான் வந்தபோது, நோன்பு கெடாமல் பொழுது சாய்ந்த பிறகு ஊட்டுகிறோம் என்றார்களாம். என்ன ஒரு அக்கறை!

உயிரைக் காப்பாற்றத்தானே என்பார்கள். புத்தி தெளிவோடு, விளைவு தெரிந்து மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக ஊட்டக்கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975-லேயே டோக்கியோவில் எழுதிவைத்தாயிற்று.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அதே சிறையில் 2002 டிசம்பரில், வாரக்கணக்கில் தூங்கவிடாமல் விசாரிக்கப்பட்ட முகமது அல்-கஹ்தானி என்ற கைதியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 35-க்கு இறங்கியது. எங்கள் வார்டில் மானிட்டரில் 35 என்று வந்தால் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம். அங்கேயும் ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி, திரும்ப விசாரணைக்கே அனுப்பினார்கள். சிகிச்சையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்புறம் ஈராக்கில், அமெரிக்கப் படையின் கையில் இருந்த அபு கிரைப் சிறை. 2003 நவம்பரில் மனாதல் அல்-ஜமாதி என்ற கைதி விசாரணையில் செத்துப்போனார். உடலை ஐஸில் வைத்திருந்து, கையில் ட்ரிப்ஸ் மாட்டி, உடம்பு சரியில்லாதவர்போல ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோனார்கள். பிணத்துக்கு ட்ரிப்ஸ்! அந்த பாட்டிலை யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டுதானே போயிருப்பார்கள்?

உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பி, வேலையைவிட்டு நீக்கப் பார்த்து, 2015-இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். அமெரிக்க நர்ஸுகள் சங்கம் உங்களுக்கு விருது கொடுத்தது. சரி, சந்தோஷம். ஆனால் நான் கேட்க நினைப்பது விருதைப் பற்றி அல்ல. நீங்களும் முதலில் சில பேருக்கு டியூப் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? எத்தனையாவது ஆளிடம் கை நின்றது?

ஏன் கேட்கிறேன் என்றால், பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினார். நினைவு நன்றாகத்தான் இருந்தது. பையன்கள் போடச் சொன்னார்கள், டாக்டரும் எழுதிவிட்டார். அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நான் போட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்