எப்படிக் குலுக்கினாயோ, அப்படித்தான் கலைக்க வேண்டும்

அன்புள்ள மாலதி,

உன் மின்னஞ்சல் வந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. பதிலைக் காணோமே என்று இதற்குள் நாலு தடவையாவது திட்டியிருப்பாய். அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள், சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்து எழுந்து எழுந்து என் கண்தான் சிவந்துபோனது. இப்போது நன்றாகப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, வீடு இத்தனை நாளும் இவ்வளவு தூசியாகவா இருந்தது என்று என்னையே கேட்கிறார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் முழங்கால் பயிற்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர் எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தாய்: மாதிரி சிறியது, நடக்க எடுத்த நேரங்கள் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கின்றன, இரண்டு சராசரிகளை ஒப்பிட வழக்கமாகப் போடும் டி சோதனையை ஏற்க முடியாது, வரிசைமாற்றச் சோதனை செய்யுங்கள். அதற்குக் கீழே நீ, "அப்படியென்றால் குரூப் என்கிற நெடுவரிசையைப் பத்தாயிரம் தடவை கலைத்துப் போட்டு பி மதிப்பை எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறாய்.

முடியாது. ஏன் என்பதற்கான பதில் உன் மின்னஞ்சலிலேயே இருக்கிறது. மூன்று பத்தி தள்ளி, போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய்: பதினாறு பேரையும் வயதும் வலியும் பார்த்து எட்டு ஜோடியாகச் சேர்த்தோம், ஒவ்வொரு ஜோடிக்கும் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குப் புதுப் பயிற்சி, மற்றவருக்குப் பழையது என்று கொடுத்தோம். எனக்கு அந்த ஒரு வரி போதும். பதினாறு சீட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலைத்தால் 12,870 விதமாகப் பிரியும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உன் ஆய்வில் நடந்திருக்கவே முடியாதவை, ஏனென்றால் ஒரே ஜோடியின் இருவரும் புதுப் பயிற்சிப் பக்கம் போயிருக்க வழியே இல்லை. நடந்திருக்கக்கூடியவை 256 தான். ஜோடிக்கு இரண்டு வழி, எட்டு ஜோடி, இரண்டை எட்டு தடவை பெருக்கிக்கொள். அந்த 256-ஐயும் கணினி ஒன்று விடாமல் எண்ணிவிடும், பத்தாயிரம் தடவை கலைக்கிற வேலையே உனக்கு இல்லை.

கல்லூரியில் நமக்கு இதை யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. அட்டவணையைப் பார், எண்ணைத் தேடு, 0.05-க்குக் கீழா மேலா, அவ்வளவுதான். இந்தச் சோதனைக்குள் இருக்கும் யோசனை என்னவோ அதைவிட எளிது. புதுப் பயிற்சியால் ஒருவருக்கும் ஒரு மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள், அதுதான் இங்கே இன்மைக் கருதுகோள். அப்படியானால் ஒருவர் நடக்க எடுத்த நேரம், அவர் கையில் எந்தச் சீட்டு விழுந்திருந்தாலும் அதேதான் இருந்திருக்கும். எண்கள் அசையாமல் இருக்கின்றன, அவற்றின் மேல் ஒட்டிய பெயர்தான் குலுக்கலில் மாறியிருக்க முடியும். ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் பெயரை மாற்றி மாற்றி ஒட்டி, 256 தடவையும் சராசரி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, உனக்கு உண்மையில் கிடைத்த வித்தியாசம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறாய். எந்தப் பக்கமானாலும் சரி, அந்த அளவுக்கோ அதற்கு மேலோ போனவை பத்து இருந்தால் 256-இல் 10, அதாவது 0.039. அதுதான் பி மதிப்பு: பயிற்சியால் மாற்றமே இல்லாவிட்டாலும் குலுக்கல் மட்டுமே இந்த அளவு வித்தியாசம் தரும் வாய்ப்பு. டி சோதனை நம்பியிருக்கும் மணி வடிவ வளைகோடு எங்கேயும் வரவில்லை, கவனி. தற்செயல் என்பது உன் கையிலிருந்த சீட்டிலிருந்து வந்தது, எந்தக் கற்பனை மக்கள்தொகையிலிருந்தும் வரவில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இதே ஜோடிக் கணக்கைப் புள்ளியியலாளர் ரோனால்ட் ஃபிஷர் 1935-லேயே போட்டுக் காட்டியிருக்கிறார். சார்லஸ் டார்வின் வளர்த்த 15 ஜோடி மக்காச்சோளச் செடிகள். ஜோடியில் ஒன்று அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்தது, மற்றது தன்மகரந்தச் சேர்க்கையில் வந்தது, எது உயரமாக வளர்கிறது என்பது கேள்வி. 15 வித்தியாசங்களின் கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டால் 32,768 வழி. அந்தக் காலத்தில், கணினி இல்லாமல், கிடைத்த வித்தியாசத்தை எட்டுகிறவை 863 என்று எண்ணியிருக்கிறார். எதிர்ப் பக்கத்தையும் சேர்த்தால் 1,726, அதாவது 5.27 சதவீதம். டி சோதனை அதே எண்களுக்குக் கொடுத்தது 4.97 சதவீதம். அடிப்படையே வேறான இரண்டு கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதைத்தான் ஃபிஷர் காட்ட நினைத்தார். ஆனால் 5 சதவீதக் கோடு சரியாக இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது பார், இன்றைக்கு ஒரு மதிப்பீட்டாளர் கையில் கிடைத்தால் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடுவார், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. டார்வினிடம் ஃபிஷர் கண்ட குறையும் உனக்குத் தேவையானதுதான்: செடிகளுக்கு இடம் ஒதுக்கும்போது அவர் குலுக்கிப் போடவில்லை. நீ போட்டிருக்கிறாய், அந்த வகையில் டார்வினைவிட ஒரு படி மேலே.

இப்போது என் மானம் போன கதை. நாலு வருடம் முன்னால், விளக்கின் நிறம் கவனத்தைப் பாதிக்கிறதா என்று ஒரு சின்ன ஆய்வு செய்தோம். ஆறு பேர். குலுக்கிப் போட்டு மூன்று பேரை ஒரு விளக்கின் கீழும் மூன்று பேரை இன்னொன்றின் கீழும் உட்காரவைத்து, ஆளுக்கு 40 தடவை பொத்தானை அழுத்தச் சொன்னோம். கோப்பில் 240 வரி. நான் அந்த 240 வரியையும் 9,999 தடவை கலைத்தேன், ஒரு கலைப்புகூட உண்மை வித்தியாசத்தின் பக்கத்தில் வரவில்லை, பி மதிப்பு 0.0001. துள்ளிக் குதித்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் காட்டினேன். பின்வரிசையில் ஒருவர், குரலைக்கூட உயர்த்தாமல், "குலுக்கினது வரியையா, ஆளையா?" என்று கேட்டார். ஆளைத்தான். ஆறு பேரை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிதான் இருக்கிறது, அதில் எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும் ஒருபக்கச் சோதனையில் 0.05-க்குக் கீழே போக முடியாது, இருபக்கம் என்றால் 0.1. சோதனை தொடங்குவதற்கு முன்பே அது தோற்றாகிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. ஒரே ஆளின் 40 அழுத்தல்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அவற்றைத் தனித்தனியாகக் கலைத்தபோது அந்த ஒற்றுமையை நானே பிய்த்துப் போட்டு, பிறகு உண்மைத் தரவு விசேஷமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரோடும் பேசவில்லை.

உனக்கு அந்தப் பயம் வேண்டாம், 256-இல் இருபக்கமாக மிகச் சிறிய மதிப்பு 2, அதாவது 0.0078. இடம் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு "எந்த அனுமானமும் தேவையில்லை" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், உன் கட்டுரையில் அந்தச் சொற்றொடர் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடு. இன்மைக் கருதுகோள் உண்மையானால் பெயர்களை இடம் மாற்றினாலும் தரவின் தன்மை மாறாது என்பதே பெரிய அனுமானம். குலுக்கிப் போட்டவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. குலுக்காமல், ஏற்கெனவே இருக்கிற இரண்டு கூட்டத்தை ஒப்பிடுகிறவர்கள் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். உதாரணமாக ஒரு கூட்டத்தில் ஆறு பேர், இன்னொன்றில் முப்பது பேர், சிறிய கூட்டத்தின் எண்கள் அதிகமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று வை. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், சராசரி வித்தியாசத்தை வைத்துக் கலைக்கும் சோதனை 5 சதவீதத்துக்கு மேல் பொய் எச்சரிக்கை அடிக்கும். பெரிய கூட்டம் அதிகம் சிதறினால் தலைகீழ், இருக்கிற வித்தியாசத்தையும் விட்டுவிடும். வெறும் சராசரி வித்தியாசத்துக்குப் பதிலாக, இரண்டு கூட்டத்தின் சிதறலையும் தனித்தனியாக எடுத்து வகுத்த வெல்ச் டி அளவையைக் கணக்கிட்டு அதையே கலைத்தால், மாதிரி ரொம்பச் சிறியதாக இல்லாதவரை இது பெரும்பாலும் சரியாகிவிடும். டி அளவை வேண்டாம் என்று இந்தப் பக்கம் வந்தவர்கள் அதையே உள்ளே கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

உன் மாணவி இருபதுக்கு இருபது பேர் வைத்து ஆய்வு செய்கிறாள் என்றாயே, அவளுக்குத்தான் கலைக்கிற வேலை. நாற்பது பேரைப் பாதி பாதியாகப் பிரிக்க 13,784 கோடிக்கும் மேற்பட்ட வழி இருக்கிறது, எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், சமவாய்ப்பாக 9,999 எடுத்தால் போதும். உண்மையில் கிடைத்த அமைப்பையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல், பின்னத்தின் மேலே ஒன்று, கீழே ஒன்று, அப்போதுதான் கீழே பத்தாயிரம் ஆகும். அதை விட்டால் சில சமயம் பி மதிப்பு பூச்சியம் என்று வந்து நிற்கும், அப்படி ஒன்று இருக்கவே முடியாது. 999 மட்டும் எடுத்தால் 0.05 பக்கத்தில் விடை கலைப்புக்குக் கலைப்பு 0.007 அளவுக்கு ஆடும், 9,999 என்றால் 0.002 தான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் எண் மாறுகிறதே என்று அவள் பயந்து, பிடித்தது வரும்வரை ஓட்டிவிடப் போகிறாள், கணினி கலைக்கத் தொடங்கும் தொடக்க எண்ணை முன்பே எழுதிவைக்கச் சொல், அதே எண் கொடுத்தால் அதே கலைப்புகள்தான் வரும்.

இன்னொன்று, உன்னிடம் நாலு அளவுகள் இருக்கின்றன: நடக்கும் நேரம், மாடிப்படி ஏறும் நேரம், முழங்கால் மடங்கும் கோணம், வலி மதிப்பெண். நாலுக்கும் தனித்தனியாகச் சோதனை செய்து நல்லதாக வந்ததை மட்டும் தலைப்பில் போடுவது உனக்குப் பழக்கமில்லை, தெரியும். ஆனால் நாலு சோதனை என்பதற்காக 0.05 கோட்டை நாலால் வகுத்துக் கழுத்தை நெரிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கலைப்பிலும் நாலு அளவையும் சேர்த்தே கலை, ஒரு ஆளின் நாலு எண்ணும் ஒன்றாகவே நகரட்டும். நாலுக்கும் டி அளவையைக் கணக்கிட்டு, குறியை விட்டுவிட்டு, அவற்றில் பெரியதை மட்டும் எழுதிவை. 256 பெரியவைகள் சேரும். உன் உண்மையான நாலையும் அந்த ஒரே வரிசையோடு ஒப்பிடு. நடக்கத் திணறுகிறவர் படியேறவும் திணறுவார் என்கிற உறவு அந்தக் கலைப்பிலேயே அடங்கிவிடுவதால், வகுத்துத் தண்டிக்கும் முறையைவிட இது பொதுவாகக் கொஞ்சம் தாராளமானது. வெஸ்ட்ஃபால், யங் இருவரும் 1993-இல் இதை விரிவாக எழுதினார்கள், மூளைப் படங்களை ஆராய்கிறவர்கள் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இதையே செய்கிறார்கள். நீ நாலே நாலுக்கு.

வித்தியாசம் எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் அடுத்த சுற்றில் கேட்பார், அதற்கும் இதே கலைப்பு உதவும். பயிற்சி எல்லோருக்கும் ஒரே அளவுதான் நேரத்தைக் குறைத்தது என்று வைத்துக்கொண்டு, புதுப் பயிற்சிக்காரர்களின் நேரத்தோடு இரண்டு நொடி கூட்டிச் சோதி, மூன்று நொடி கூட்டிச் சோதி, எந்தெந்த நொடிகளுக்குச் சோதனை நிராகரிக்காமல் விடுகிறதோ அவைதான் உன் நம்பக இடைவெளி, உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை.

எனக்குச் சொல்ல வேறு செய்தி அதிகமில்லை. முதலாண்டு வகுப்பை இந்த வருடம் விட்டுவிட்டேன், தொண்டை தாங்கவில்லை. உன் மகன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்ததைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன், பேசாமலே ஒரே சோபாவில் இருவரும் புத்தகம் படித்தோம் என்றாயே, அதை.

ஜோடி எண்ணோடு கோப்பை அனுப்பு. அனுப்புவதற்கு முன் ஒன்று சொல். ஐந்தாவது ஜோடியில் ஒருவர் பழைய பயிற்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்ததாகப் போன மாதம் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவருக்கும் சீட்டுக் குலுக்கினாயா, இல்லை கேட்டதையே கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் அந்த ஜோடியை நாம் கலைக்க முடியாது, 256 என்று மேலே எழுதியதையெல்லாம் 128 என்று படித்துக்கொள்.

அப்பா கூப்பிடுகிறார், மூன்று மணி மருந்து.

அன்புடன்,
கலா