சத்யம் பங்குதாரர்களுக்குப் பணம் எப்போது? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார், ஒரே நாளில் பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது.

கண்டுபிடிக்கவே முடியாத மோசடி என்றால்கூட மனசு ஆறும். ஒரு கம்பெனி தன்னிடம் இவ்வளவு டெபாசிட் இருக்கிறது என்று சொன்னால், ஆடிட்டர் வங்கிக்கு நேரடியாக எழுதிக் கேட்டு, பதிலையும் வங்கியிடமிருந்தே நேரடியாக வாங்க வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டர் ஆவதற்கான பயிற்சிக்கு, வரும் பிள்ளைகளுக்கே சொல்லித்தரும் பாடம் இது. சத்யத்தில் அந்தச் சான்றுகள் நிர்வாகத்தின் கை வழியாக வந்தன, ஆடிட்டர்களும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 6,000-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் இப்படித்தான் வருஷக்கணக்கில் வருமானமாக நின்றன.

சரி, அதற்குப் பிறகு நீங்கள் 2013-இல் புதிய கம்பெனிகள் சட்டம் கொண்டுவந்தீர்கள். தணிக்கை நிறுவனத்தைப் பத்து ஆண்டுகளில் மாற்ற வேண்டும், மோசடிக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்பதெல்லாம் நல்ல பிரிவுகள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆடிட்டர்களைக் கண்காணிக்க 132-ஆம் பிரிவில் எழுதிய ஆணையம் 2018 அக்டோபரில்தான் அமைந்தது, அதற்குள் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் கவிழ்ந்துவிட்டது. அமெரிக்காவில் கணக்கு மோசடி செய்த என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது, ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் 2002 ஜூலைக்குள் வந்துவிட்டது.

என் மனதை அதிகம் அறுப்பது வேறொன்று. அதே சத்யத்தின் ஏடிஆர்-களை (அமெரிக்கச் சந்தையில் விற்கும், இந்தியப் பங்குகளுக்கு ஈடான பத்திரங்களை) நியூயார்க்கில் வாங்கியவர்கள் அங்கே கூட்டு வழக்குப் போட்டார்கள், 2011-இல் கம்பெனி 12.5 கோடி டாலரும் தணிக்கை நிறுவனத் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்தன. இங்கே சிறு முதலீட்டாளர்களுக்காக ஒரு சங்கம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது, உச்ச நீதிமன்றம் வரை போனது, இரண்டு இடத்திலும் கதவு திறக்கவில்லை. கம்பெனி ஒன்றுதான், பொய்யும் ஒன்றுதான். அங்கே வாங்கியவருக்கு நஷ்டஈடு, இங்கே ஓய்வூதியப் பணத்தைப் போட்டவருக்கு வெறுங்கை.

அதைச் சரிசெய்யத்தான் 2013 சட்டத்தில் 245-ஆம் பிரிவு எழுதினீர்கள். நூறு பங்குதாரர்கள் சேர்ந்தால் இயக்குநர்கள் மீதும் ஆடிட்டர்கள் மீதும் நஷ்டஈடு கேட்கலாம். அது நடைமுறைக்கு வந்தது 2016-இல், எத்தனை பேர் சேர வேண்டும் என்ற விதி வந்தது 2019-இல்! வக்கீல் செலவை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து ஈடுகட்டலாம் என்று 125-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் செலவு செய்த பிறகு, அதுவும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதித்தால். இருபது பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை பெரிய கம்பெனியின் வக்கீல் படைக்கு எதிராக முதல் ரூபாயை எங்கிருந்து போடுவார்? அந்த நிதியே எங்களில் யாரோ கேட்காமல் விட்ட டிவிடெண்ட் பணம்தானே. அதை முன்பணமாகக் கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள். வங்கிகளுக்கு 245-ஆம் பிரிவு பொருந்தாது என்ற விலக்கையும் எடுத்துவிடுங்கள், வங்கிப் பங்கு வாங்கியவரும் பங்குதாரர்தான்.

திருத்தம் வர நாளாகும் என்றால், அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது நிதியமைச்சரிடம் எழுத்துப்பூர்வமாக இதைக் கேளுங்கள்: 2016-க்குப் பிறகு 245-ஆம் பிரிவில் எத்தனை வழக்குகள் வந்தன, எத்தனை பங்குதாரர்களுக்கு எவ்வளவு ரூபாய் திரும்பக் கிடைத்தது?

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்