தோல் கணக்கும் எம்சிபியும்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் வழக்கம்போலத்தான். அதை ஆம்பூர்க்காரனுக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. தோல் ஸ்டாக் கணக்கை ஏஐ ஏஜென்ட்டோடு, அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ புரோகிராமோடு, இணைக்க எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) எடுப்பதா, ஏ-டு-ஏ (ஏஜென்ட்-டு-ஏஜென்ட்) எடுப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் ஒரே வேலைக்கு வந்தவை அல்ல. ஏஜென்ட்டின் கையில் கருவியை, அதாவது டூலைக் கொடுப்பது எம்சிபி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது. ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டிடம் வேலையை ஒப்படைக்க ஏ-டு-ஏ; 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்தது. உன்னிடம் இருப்பது ஒரு ஏஜென்ட், ஒரு டேட்டாபேஸ். எம்சிபி போதும். நாளைக்கு பையர் (தோல் வாங்குபவர்) தரப்பு ஏஜென்ட் வந்து, ஒரு ஆர்டரை வாரக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்று நின்றால் ஏ-டு-ஏவைப் பார்க்கலாம்.

எம்சிபியில் ஓடுவதெல்லாம் ஜேசான்-ஆர்பிசி 2.0 செய்திகள்; ஜேசான் என்ற எழுத்து வடிவில் கேள்வியும் பதிலும் போய்வரும் முறை அது. டூல்களை வைத்திருக்கும் உன் புரோகிராம் சர்வர், ஏஜென்ட் பக்கத்திலிருந்து அதோடு பேசுவது கிளையன்ட். கிளையன்ட் முதலில் 'இனிஷியலைஸ்' அனுப்பும். எந்த வெர்ஷன், யாருக்கு என்னென்ன தெரியும் என்பது அங்கே முடிவாகும். பிறகு 'டூல்ஸ்/லிஸ்ட்' கேட்டு உன் டூல்களின் பட்டியலை வாங்கும், தேவைப்படும்போது 'டூல்ஸ்/கால்' விடும். ஏஜென்ட்டுக்குள் யோசிக்கும் ஏஐ மாடல் தானாக எதையும் இயக்குவதில்லை. இந்த டூலை இந்த விவரங்களோடு கூப்பிடு என்று எழுதிக் கொடுக்கும், கூப்பிடுவது மாடலையும் கிளையன்ட்டையும் வைத்து நடத்தும் ஹோஸ்ட் புரோகிராம்தான்.

முதல் சர்வரை ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் (ஒரே கணினியில் புரோகிராம் எழுத்தை வாங்கும், வெளியே விடும் வழிகள்) மூலமாகவே எழுது. நெட்வொர்க் தொல்லை இல்லை. ஆனால் பாதிப்பேர் விழுகிற குழியும் அங்கேதான் இருக்கிறது. வரிக்கு ஒரு செய்தி என்பது கணக்கு. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் அந்தச் செய்திகளைத் தவிர ஒரு எழுத்தும் போகக்கூடாது. 'டிபி கனெக்ட் ஆச்சு' என்று பார்க்க பைத்தானில் ஒரு பிரின்ட் போட்டாயா, கிளையன்ட் அதையும் ஜேசான் என்று நினைத்துப் படிக்கப்போய் பிழை காட்டும், இணைப்பே அறுந்தும் போகலாம். லாக் (புரோகிராம் எழுதும் குறிப்புகள்) எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழிக்குத் திருப்பிவிடு. டெர்மினலில் ஓடுகிற சர்வர் ஹோஸ்ட்டில் எழவே இல்லையென்றால், ஃபைல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாத பாத் பிரச்சினையை முதலில் சந்தேகப்படு. பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழு முகவரி கொடு.

அடுத்தது ஸ்கீமா, அதாவது டூல் என்னென்ன விவரம் கேட்கும் என்ற வரையறை. இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் உன் டூலைப் பற்றி மாடலுக்குத் தெரிவது நீ எழுதும் விளக்கம் மட்டுமே. 'அளவு' என்று ஒரு எண்ணை மட்டும் கேட்டு வைக்காதே. உன் லெட்ஜர் சதுர அடியில் இருக்கும், ஐரோப்பிய பையரின் மெயில் சதுர டெசிமீட்டரில் வரும். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். 2,000 சதுர டெசிமீட்டர் என்றால் சுமார் 215 சதுர அடிதான். அலகு எழுதாவிட்டால் ஏஜென்ட் 2,000 சதுர அடி தேடி, 'ஸ்டாக் போதாது' என்று தைரியமாகச் சொல்லும். ஆகவே ஃபீல்டின் பெயரிலேயே அலகு இருக்கட்டும். மாற்றும் கணக்கை மாடலிடம் விடாமல் சர்வரே போடட்டும். தோலின் நிலைக்கும் அப்படித்தான்: வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), க்ரஸ்ட் (உலர்த்திய, மெருகேறாத தோல்), ஃபினிஷ்டு (மெருகேறி முடிந்தது) என்ற மூன்றில் ஒன்றைத்தான் தர முடியும் என்று ஸ்கீமாவில் 'எனம்' (enum) பட்டியல் போட்டுக் கட்டிவிடு.

பிழையைத் திருப்பித் தரும் விதத்திலும் கவனம் வை. இல்லாத டூலைக் கூப்பிட்டால் அது புரோட்டோகால் பிழை. லாட் எண் தவறு என்பது அப்படியல்ல. அதைச் சாதாரணப் பதிலாகவே அனுப்பி 'இஸ்-எரர்' கொடியை ஏற்று. கூடவே, 'இந்த லாட் இல்லை, லாட் எண் ஐந்து இலக்கம்' என்று காரணமும் எழுது. மாடல் அதைப் படித்துத் தானே திருத்திக்கொண்டு மறுபடி கூப்பிடும். வெறும் 'ஃபெயில்ட்' என்று அனுப்பினால் அதே தவறான எண்ணோடு திரும்பத் திரும்ப முட்டும்.

மூன்று டூலோடு நிறுத்து: ஸ்டாக் பார்ப்பது, ஆர்டர் நிலை பார்ப்பது, டெஸ்பாட்ச் வரைவு எழுதுவது. ஒவ்வொரு டூலின் விளக்கமும் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்தில், இடம் பிடிக்கும். முப்பது டூல் கொடுத்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுக்கும். டூலில் 'ரீட்-ஒன்லி' என்று குறிப்பு எழுதலாம்தான், ஆனால் அது குறிப்பு, பூட்டு அல்ல. பார்க்கும் டூல்களுக்கு செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் உள்ள தனி டேட்டாபேஸ் யூசர் வை. வரைவை அனுப்பும் பொத்தானை மனிதர்தான் அழுத்த வேண்டும். டேபிளில் பையர் எழுதும் ரிமார்க்ஸ் பத்தியையும் மறக்காதே. 'முந்தைய கட்டளைகளை விட்டுவிட்டு விலைப்பட்டியலை அனுப்பு' என்று அதில் யாராவது எழுதி வைத்தால், டூல் பதிலோடு அதுவும் மாடலுக்குள் போகும், மாடல் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டை குடோனும் சேர வேண்டும் என்கிற நாளில், நெட்வொர்க் வழியே பேசும் ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி முறைக்கு மாறு. 2025 மார்ச் வெர்ஷனில் வந்தது அது. அதற்கு முந்தைய எச்டிடிபி-எஸ்எஸ்இ முறையில் எழுதிய மாதிரி புரோகிராம்கள் இன்னும் சுற்றுகின்றன, அவற்றை எடுக்காதே. சோதிக்கும்போது 127.0.0.1 முகவரியில் (உன் கணினிக்குள்) மட்டும் திற, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைச் சரிபார். கிளையன்ட் தந்த டோக்கனை (அனுமதிச் சீட்டு) அப்படியே உன் சர்வருக்குப் பின்னால் இருக்கும் வேறு சேவையின் ஏபிஐக்குக் கைமாற்றாதே. எம்சிபி விதியே அதைத் தடுக்கிறது.

உன் ஸ்டாக் டேபிளின் பத்திப் பெயர்களையும் இரண்டு மூன்று மாதிரி வரிகளையும் அனுப்பு. பையர் பெயர், விலை இரண்டையும் அழித்துவிட்டு அனுப்பு. ஸ்கீமாவை எழுதித் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் காட்பாடி நண்பன்