பிள்ளைகளின் குரலுக்கு எத்தனை கட்டை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்களில் வள்ளி கும்மி (வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் கொங்கு நாட்டுக் கும்மி) ஆடுவது பற்றிய உங்கள் கட்டுரை படித்தோம். வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ வாங்கித் தந்த கலை, மகிழ்ச்சிதான். ஆனால் ஆட்டத்துக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கு பாட்டுக்கு இல்லை. பெரியவர்கள் பாடும் மெட்டை அப்படியே 40 பிள்ளைகள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் கூடிப் பாடச் சிரமமில்லாத எல்லை, ஆர்மோனியத்தின் நடு 1 கட்டையில் (நடு C) தொடங்கி, அதையும் சேர்த்து மேலே 9 வெள்ளைக் கட்டைகள். அவ்வளவுதான். ஆண் ஆசிரியர் 1 கட்டையில் (அதைத் தொடக்க ஸ்வரமான 'ச'வாக வைத்து) எடுத்து மேல் பஞ்சமத்தை (மேல் 'ப'வை) தொட்டால், அவரைவிட ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) உயரத்தில் பாடும் பிள்ளைகள் கத்துவார்கள். ஆசிரியை தம் 5 கட்டையில் (நடு C-க்குக் கீழுள்ள G) எடுத்தாலோ ஷட்ஜமே ('ச'வே) அந்த எல்லைக்குக் கீழே போய்விடும், பாட்டு பேச்சாகிவிடும். ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிய மெட்டாக எழுதி, 1 அல்லது 2 கட்டையில் வைத்தால் போதும். மகரக்கட்டு (பருவ வயதில் குரல் உடைவது) வரும்வரை பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் எல்லை ஏறக்குறைய ஒன்றுதான். பையன்களைக் கீழ்க்குரலுக்குத் தள்ள வேண்டாம்.

இரண்டு குரலாகப் பாடவைக்க மோகனம் நல்ல ராகம். ஒரு குழு இரண்டாம் அடிக்குப் போகும்போது மறு குழு முதல் அடியைத் தொடங்கட்டும். ச ரி க ப த என்ற ஐந்தில் எந்த இரண்டும் அரை ஸ்வர இடைவெளியில் ஒட்டி நிற்பதில்லை. எது எதோடு மோதினாலும் காது கூசாது. தொடக்கப் பாடமான சரளி வரிசை பழகிய மாயாமாளவகௌளை ராகத்தில் இதைச் செய்தால் ச-ரி, க-ம, ப-த, நி-ச என நான்கு இடத்தில் உரசும். இரண்டாம் குழு முதல் குழுவோடு ஒட்டிக்கொள்வது வழக்கமான கோளாறு. முழுப் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாகும் முன்பே பிரித்துவிடுவதால் வருவது அது.

சொற்களையும் பார்க்க வேண்டும். நீளும் ஸ்வரத்தில் குறில் வந்தால் 'பட்டு' பாட்டாகிவிடும். உச்ச ஸ்வரத்தில் 'ஈ' வந்தால் தொண்டை இறுகும். 'ஆ', 'ஓ' தாராளம்.

குதித்து ஆடுகிற பிள்ளைக்குப் பாட மூச்சு ஏது? பாதிப் பேர் நின்று பாடட்டும், பாதிப் பேர் ஆடட்டும், அடுத்த பாட்டுக்கு மாறிக்கொள்ளட்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் பாட்டு வெளியிடும்போது வரிகளோடு ஸ்வரக் குறிப்பையும் கட்டையையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்